கடைசற் பட்டறையில் கடன்பட்ட நாக்கு

கை தமிழனுடையது. வியர்வை தமிழனுடையது. எந்திரம் வாங்கப் பட்ட கடனும் தமிழனுடையதே. அந்த எந்திரத்தின் முன்னின்று அவன் பேசும் சொல் மட்டும் யாருடையது?

கிண்டியிலிருந்து தாம்பரம் வரை செல்லும் மின்தொடர்வண்டிப் பாதையின் இருமருங்கும் உள்ள குறுந்தெருக்களில் சற்றே நடந்து பார்ப்பவர்க்கு இக்கேள்வி எழாமற் போகாது. பரங்கிமலை, பல்லாவரம், பம்மல், குரோம்பேட்டை, தாம்பரம் என்று விரிந்து கிடக்கும் இப்புறநகரில், வீட்டின் பின்கட்டில் தகரக் கூரை வேய்ந்து, பழைய கடைசல் எந்திரம் ஒன்றை நிறுத்தி, அதனைக் கொண்டே குடும்பத்தைக் காக்கும் தொழிலாளர் பலர். ஊர்திகளுக்கு அச்சும், நீரேற்றிகளுக்குத் தண்டும், பெருந்தொழிற்சாலைகளுக்குச் சிற்றுறுப்புகளும் கடைந்து கொடுப்பவர்கள் அவர்கள். மயிரிழையினும் நுண்ணிய பிழையைக் கைவிரல் நுனியால் தடவி அறிந்து சொல்லும் ஆற்றல் அவர்க்குண்டு.

அத்தகைய கைவல்லவனை அணுகி, ‘என்ன செய்கின்றீர்?’ என்று வினவினால் வரும் விடை இது: ‘லேத்துல ஜாப்ப ஏத்தி, சக்க டைட் பண்ணி, டூல செட் பண்ணி, திரெட் போட்டேன்.’ இத்தொடரில் தமிழ் எங்கே உள்ளது? ‘ஏத்தி’யிலும் ‘பண்ணி’யிலும் ‘போட்டேன்’ என்பதிலும் ஒன்றிரண்டு உருபுகளிலும் மட்டும் உள்ளது. பொருள்களின் பெயர் அனைத்தும் ஆங்கிலம். கூரை மட்டும் தன்னுடையதாய், நாற்சுவரும் நிலமும் அயலானுடையதாய் இருக்கும் வீட்டில் குடியிருப்பவன் நிலைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

குற்றம் அத்தொழிலாளியினுடையதன்று. அவன் கேட்ட சொல்லைச் சொல்கின்றான். அவனுக்கு வேறு சொல்லைக் கொடாதவர் யாரோ, ‘தமிழில் இதற்கெல்லாம் சொல் கிடையாது’ என்று கற்றவர் மன்றில் கூசாது கூறுபவர் யாரோ, அவரைநோக்கியே இக்குற்றச்சாட்டு எழுகின்றது.

கடுமையான ஒரு தேர்வு

தமிழால் முடியாது என்பார்க்கு எளிய எடுத்துக்காட்டுத் தந்து பயனில்லை. ஏரையும் கலப்பையையும் காட்டினால், ‘அவை உழவன் கருவிகள், எந்திரவியல் வேறு’ என்று நகைப்பர். ஆகவே, வீட்டுப் பட்டறை ஒன்றில் தனியொருவன் கடைந்து முடிக்கத்தக்க பொருள்களுள் மிகு நுட்பமான ஒன்றையே தேர்வுக்கு எடுத்துக் கொள்ளலாம். அது ‘ரைபிள்’ எனப்படும் படைக்கலம்.

அமெரிக்க நாட்டில் இது பலர்க்குப் பொழுதுபோக்கு. துப்பாக்கி வைத்திருக்கச் சட்டத்தால் தடை செய்யப்படாத ஒருவர் தம் சொந்தப் பயனுக்கு ஒன்றைத் தாமே செய்துகொள்வதை அந்நாட்டு நடுவண் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை. சில மாநிலங்கள் மட்டும் கட்டுப்பாடு விதித்துள்ளன. ஊர்திக் கொட்டிலில் கடைசல் எந்திரத்தையும் செதுக்கு எந்திரத்தையும் நிறுத்தி, ஓய்வு நாள்களில் குழல் கடையும் ஓய்வூதியர் அங்குண்டு. இந்தியாவிலோ உரிமமின்றி ஒரு துப்பாக்கியைச் செய்வது 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி பெருங்குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் அதற்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறையுண்டு. அது வாணாட் சிறை வரையும் நீளலாம். ஆகவே இங்குச் சொல்லப்படுவது செய்முறையன்று. படைக்கலம் வேண்டும் என்பதும் இங்குக் கோரிக்கையன்று. சொல் வேண்டும் என்பதே கோரிக்கை. அமெரிக்கன் கையில் குழல் இருப்பதைக் கண்டு தமிழன் பொறாமைப்பட வேண்டா. அவன் வாயில் அக்குழலின் ஒவ்வோர் உறுப்புக்கும் அவன் வீட்டுச் சொல் இருப்பதைக் கண்டே நாண வேண்டும்.

வீட்டுச் சொல் என்பது மிகையன்று. ‘ரைபிள்’ என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ பேரறிவியற் சொல் என்று தமிழ்ப் படிப்பாளி மயங்குகின்றான். அதன் வேர்ப்பொருள் கீறுதல், வரிப்பள்ளமிடுதல் என்பதே. குழலின் உட்சுவரில் திருகலாக ஓடும் பள்ளங்களை வெட்டுவதற்குப் பட்டறைக்காரன் வழங்கிய வினைச்சொல், பின்பு அக்கருவிக்கே பெயராயிற்று. அப்பள்ளங்களின் பயனும் எவர்க்கும் விளங்கத்தக்கதே. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்கின்றது. சுழற்சி ஓய்ந்ததும் தள்ளாடி வீழ்கின்றது. திருகலான பள்ளங்களைப் பற்றிச் சுழன்றுகொண்டே வெளிவரும் குண்டும், பம்பரத்தைப் போலவே நிலைகுலையாது நெடுந்தொலைவு நேரே செல்கின்றது. கயிற்றின் முறுக்கைப் புரி என்பது தமிழ். அத்திருகற் பள்ளத்தைப் புரி என்றும், அது வெட்டப்பெற்ற குழலைப் புரிக்குழல் என்றும் சொன்னால், ஆங்கிலன் செய்ததையே தமிழனும் செய்தவனாவான். இதில் எந்த அறிவியல் குறைந்துவிட்டது?

சேவலும் குதிரையும்

மற்ற உறுப்புகளையும் ஒவ்வொன்றாய்ப் பார்க்கலாம். குழலை ஆங்கிலன் ‘பேரல்’ என்கின்றான். அது பீப்பாயின் பெயர். பீப்பாயைப் போலவே பட்டைகளை அடுக்கி வளையமிட்டுப் பண்டைப் பெருங்குழல்கள் செய்யப்பட்டமையால் வந்த பெயர் அது. தோளில் அணைக்கும் மரப்பகுதியை ‘இசுடாக்’ என்கின்றான். அது அடிமரத்தின் பெயர், வெறும் கட்டை. குழலின் பின்வாயை மூடும் உறுப்பை ‘போல்ட்’ என்கின்றான். அது கதவின் தாழ். சுடுபொறித் தொகுதியை ‘லாக்’ என்கின்றான், அது பூட்டு. விரலால் இழுக்கும் விசையை ‘டிரிக்கர்’ என்கின்றான். அது இழுத்தல் என்னும் பொருளுடைய தச்சுமொழிச் சொல்லின் வழிவந்தது. பழைய துப்பாக்கியில் முன்சாய்ந்து அடிக்கும் உறுப்பை ‘காக்’ என்கின்றான், அது சேவல்.

பீப்பாய், கட்டை, தாழ், பூட்டு, சேவல்! கொல்லைப்புறத்திலும் கோழிக்கூட்டிலும் பொறுக்கிய சொற்களைக்கொண்டே ஆங்கிலன் தன் படைக்கலத்தை முழுவதும் பெயரிட்டு முடித்துவிட்டான். அவனை நோக்கி, ‘சேவல் என்பது அறிவியற் சொல்லாகுமா?’ என்று எவனும் வினவவில்லை. தமிழன் தாழ் என்றும் பூட்டு என்றும் சொன்னால் மட்டும் கற்றவர் கைகொட்டிச் சிரிக்கின்றனர்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. ஆங்கிலன் சேவலைக் கண்ட அதே உறுப்பில் தமிழன் குதிரையைக் கண்டான். துப்பாக்கியின் அவ்வுறுப்புக்குக் குதிரை என்பதே தமிழில் பண்டுதொட்டு வழங்கிய பெயர். தமிழ் அகராதிகளில் அது பதிவாகியுள்ளது. மருந்து பற்றும் துளைக்குப் பற்றுவாய் என்று பெயரிட்டனர். குழல், குண்டு, வெடிமருந்து ஆகியனவும் தமிழே. எரிந்து வெடிக்கும் தூளை மருந்து என்று பெயரிட்ட நுண்ணறிவைப் பாருங்கள்! முன்வாயில் மருந்திட்டுக் கெட்டித்த நாட்டுக்குழலைக் கையாண்ட வேட்டுவனுக்கும் அதனைச் செய்து கொடுத்த ஊர்க்கொல்லனுக்கும் சொற்பஞ்சம் இருந்ததில்லை. எந்த மொழி நூலையும் கல்லாதவர்கள் அவர்கள். பட்டங்கள் பல பெற்றவர்க்கே இன்று பஞ்சம் வந்துற்றது.

துப்பாக்கி என்னும் பெயரோ துருக்கியிலிருந்து வந்தது. துருக்கியர்க்கு அது முதலில் ஊதுகுழலின் பெயர். புதுக்கருவி வந்தபோது துருக்கியன் தன் பழஞ்சொல்லை எடுத்து அதற்குச் சூட்டினான். ஆங்கிலன் வழங்கும் ‘கன்’ என்ற சொல்லோ வடபுலத்துப் பெண்ணொருத்தியின் பெயரிலிருந்து வந்ததென்பது சொல்லாய்வறிஞர் துணிபு. 1330இல் விண்ட்சர்க் கோட்டைப் படைக்கலப் பட்டியலில் பெருங்கருவி ஒன்று அப்பெண்பெயரால் குறிக்கப்பெற்றுள்ளது. துருக்கியன் ஊதுகுழலை நினைத்தான். ஆங்கிலன் பெண்ணை நினைத்தான். அவ்விருவரும் நினைத்து முடித்ததைத் தமிழன் அப்படியே வாங்கிக் கொண்டான். தூய தமிழன்பர் துமுக்கி என்று சொல்லும்போது, ‘புரியவில்லை’ என்று முகஞ்சுளிப்பவர் துப்பாக்கியின் பொருளை என்றேனும் புரிந்துகொண்டுதான் சொன்னாரா?

பட்டறையில் இன்னும் சாகாத தமிழ்

துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, அதனைச் செய்யும் எந்திரத்திற்கு வரலாம். கடைசல் எந்திரத்தின் உறுப்புகளை ஆங்கிலன் எப்படி அழைக்கின்றான்? தலை, வால், படுக்கை, சேணம், முன்றானை. இவையே அவன் மொழியில் அவ்வெந்திரத்தின் பகுதிகளுக்குப் பெயர். இவற்றைத் தமிழில் சொல்லக்கூடாதென்று எந்த இயற்பியல் விதி தடுக்கின்றது?

தொழிலைக் குறிக்கும் சொல்லையோ புதிதாகத் தேடவும் வேண்டா. மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருட்டித் திரட்டுவதைக் கடைதல் என்றும் கடைசல் என்றும் தமிழ் வழங்குகின்றது. அம்பாசமுத்திரத்து மரச்செப்பும் தொட்டிற்காலும் கடைசலில் உருவானவையே. மரத்திற்குப் பொருந்திய சொல் இரும்புக்குப் பொருந்தாதா?

அதற்குமேலும் சான்று வேண்டுமா? தாம்பரத்துப் பட்டறைக்குள்ளேயே தேடலாம். திருகாணியின் திருகலுக்கு மரை என்பது பெயர். அச்சொல் எவ்வளவு உயிரோடு இருக்கின்றதெனில், அறிவு பிறழ்ந்தவனைச் சென்னைத் தெருவில் ‘மரை கழன்றவன்’ என்றே ஏசுகின்றனர். வசையில் வாழும் சொல்லை வரைபடத்தில் எழுத நாணுவதேன்? அதனை முடுக்கும் கருவி திருப்புளி. வெட்டிய விளிம்பில் நீட்டி நிற்கும் கூர் பிசிறு. தேய்ந்த உறுப்பின் தளர்வு ஆட்டம். கூர்தீட்டுவது சாணை. காய்ச்சிய எஃகை நீரிலோ நெய்யிலோ அமிழ்த்தி உறுதியேற்றுவது தோய்ச்சல். இரும்பை இரும்போடு இணைப்பது பற்றவைப்பு. செங்கோணம் பார்ப்பது மூலைமட்டம். துளையிடுவது துரப்பணம். அங்குலத்தில் எட்டிலொரு பங்குக்கு நூல் என்பது பெயர். ‘மூன்று நூல் கம்பி’ என்று கேட்டால் இரும்புக்கடைச் சிறுவன் அளவு பிசகாமல் எடுத்துத் தருகின்றான்.

இவற்றை எந்தப் பேரவையும் கூடி ஆக்கவில்லை; எந்த அரசாணையும் புகுத்தவில்லை. தொழிலாளியின் நா ஆக்கிற்று. தொழிலாளியின் கை காத்தது. ‘செயற்கைச் சொற்களை மக்கள் ஏலார்’ என்று தூய தமிழை எதிர்ப்பவர் முழங்குகின்றனரே, இச்சொற்களில் எது செயற்கை? இச்சொற்களை விலக்கிவிட்டு, ‘பர்’ என்றும் ‘டெம்பரிங்’ என்றும் பாடநூலில் எழுதியவன் அன்றோ செயற்கையைப் புகுத்தியவன்!

உலை அவிந்த வரலாறு

இச்சொற்கள் ஏன் வளராது நின்றன? தமிழுக்கு இரும்பு புதிதா? பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று இராபர்ட் புரூசு பூட் கண்டெடுத்த கற்கருவியே இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகிற்கு முதலில் அறிவித்தது. கருவி செய்யும் கை இப்புறநகர் மண்ணில் அத்துணைத் தொன்மையானது. 2025ஆம் ஆண்டு சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை, சிவகளையில் இரும்போடு கிடைத்த கரியின் காலம் கி.மு. 3345 வரை பின்செல்கின்றது என்று கூறுகின்றது. கொடுமணலில் இரும்புருக்கிய உலைகள் அகழ்ந்து காணப்பட்டன. உருக்கு, உக்கு என்னும் தென்மொழிச் சொல்லே ஆங்கிலத்தில் ‘ஊட்சு’ என்று திரிந்ததென்பர். அவ்வுருக்கின் உறுதிக்குக் கரணியம் என்னவென்று அறிய 1819இல் இலண்டனில் ஆய்வு செய்தவர் மைக்கேல் பாரடே.

தஞ்சையின் பீரங்கிமேட்டில் இன்றும் கிடக்கின்றது, நாயக்கர் காலத்துப் பெருங்குழல் ஒன்று. ஏறத்தாழ 25 அடி நீளமும் 20 டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது. அது வார்க்கப்பட்டதன்று, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் பழுக்கக் காய்ச்சி அடித்து ஒன்றாக்கியது. அத்தனை பெரிய இரும்பை அடித்திணைத்த கொல்லர் கையை எண்ணி உலோகவியலறிஞர் இன்றும் வியக்கின்றனர். ஆயினும் அதற்கு வாய்த்த பெயர் பீரங்கி. அயலானைக் குறிக்கும் ‘பரங்கி’யோடு ஒருவேர்ப் பிறந்த பெயர். செய்தவன் இம்மண்ணின் கொல்லன், பெயர் பரங்கியினுடையது. பிற்காலத் தாழ்வுக்கு அன்றே நாட்டிய அடிக்கல் அது.

பின்பு அடி மேல் அடி விழுந்தது. 1799இல் கட்டபொம்மன் தூக்கிலேறினான். 1801இல் மருதிருவர் தூக்கிலேறினர். அவ்வாண்டு திசம்பர் 1 அன்று கும்பினி ஆளுநர் விடுத்த அறிவிப்பு, பாளையங்களில் படைக்கலம் வைத்திருப்பதைத் தடை செய்தது. கோட்டைகள் தரைமட்டமாயின. 1878இல் வந்த இந்தியப் படைக்கலச் சட்டம், உரிமமின்றிப் படைக்கலம் செய்வதையும் வைத்திருப்பதையும் நாடெங்கும் தடுத்தது. வெள்ளையர்க்கு மட்டும் விலக்களித்தது. தஞ்சைப் படைக்கலக் கொட்டிலில் இருந்தவற்றுள் எஞ்சியவை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின் உறங்குகின்றன.

படைக்கலம் போனதற்காக அழ வேண்டியதில்லை. குடிமக்கள் கையில் கொலைக்கருவி மலிந்த நாடு என்ன பாடுபடுகின்றதென்பதை அமெரிக்கப் பள்ளிகளில் சிந்திய குருதியே காட்டும். அழ வேண்டியது வேறொன்றிற்கு. எந்த நாட்டிலும் நுண்கடைசல் தொழிலுக்குப் படைக்கலப் பட்டறையும் மணிப்பொறிப் பட்டறையுமே தொட்டில். இங்கு அத்தொட்டில் உடைக்கப்பட்டது. நுட்பம் வளர வேண்டிய காலத்தில் தமிழ்க்கொல்லன் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் தள்ளப்பட்டான். கொல்லர் குலமும் தன் நுட்பத்தைத் தந்தை மகனுக்குக் காதில் ஓதியதேயன்றி ஏட்டில் எழுதி ஊருக்கு வைத்ததில்லை. உலை அவிந்தபோது சொல்லும் உடன் அவிந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து எந்திரம் திரும்பி வந்தது. வரும்போதே அயற்பெயரைத் தாங்கி வந்தது.

பெயர் ஏறிற்று, மொழி ஏறவில்லை

‘அது வெள்ளையன் காலம்; இப்போது என்ன குறை?’ என்பார்க்கு இன்றைய நிலையே விடை. 1966இல் திருச்சிராப்பள்ளியில் நடுவண் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. அங்குச் செய்யப்பெற்ற தாக்குதல் துமுக்கி ஒன்றுக்குத் தமிழூரின் பெயரையே சூட்டினர். எப்படிச் சூட்டினர்? ‘டிரிச்சி அசால்ட் ரைபிள்’ என்று! ஊரின் பெயரும் வெள்ளையன் வாயில் நைந்த வடிவில்; கருவியின் பெயரும் அவன் மொழியில். மூன்று சொல்லில் ஒன்றேனும் தமிழ் வடிவில் நிற்கவில்லை.

2018ஆம் ஆண்டில் நடுவண் அரசு அறிவித்த இரண்டு படைத்துறைத் தொழில் தடங்களுள் ஒன்று தமிழ்நாட்டில் அமைந்தது. சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்தும் அதன் கண்ணிகள். நுண்ணுறுப்புகளைக் கடைந்து கொடுக்கும் வேலை சிறு பட்டறைகளையும் நாடி வரும் என்கின்றனர். வரட்டும். அவ்வேலையின் வரைபடம் எம்மொழியில் வரும்? தரக் குறிப்பு எம்மொழியில் வரும்? ஒப்பந்தம் எம்மொழியில் வரும்? தாம்பரத்துக் கடைசற்காரன் நூற்றில் ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் கடைவான். ஆனால் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வேறொருவனை நாட வேண்டும். அவ்விடையாள் படிப்புக்கு ஒரு கூலி பெறுகின்றான். கடைந்தவன் கைக்கு மிஞ்சியதே வருகின்றது. மொழி இழந்தவன் கூலியையும் இழக்கின்றான் என்பதற்கு இதனினும் தெளிவான கணக்கு வேண்டுமா?

கூலியோடு முடிவதன்று இழப்பு. சுழலும் எந்திரத்தின்மேல் ஒட்டிய எச்சரிக்கை அதனை இயக்குபவனுக்குத் தெரியாத மொழியில் இருக்குமாயின், அது எச்சரிக்கையன்று, வெறும் ஓவியம். விரலிழந்த பின் மருத்துவமனையில் தமிழில் ஆறுதல் கூறி என்ன பயன்? ‘கையை நீட்டாதே’ என்னும் இரண்டு சொற்களை எழுதத் தமிழுக்கு ஆற்றல் இல்லையா?

எதிர்ப்புரைகளும் விடையும்

‘ஆங்கிலம் உலக மொழி, தொழிலாளி அதனையே கற்கட்டுமே’ என்பர் ஒரு சாரார். கற்கட்டும், எவரும் தடுக்கவில்லை. செருமானியனும் சப்பானியனும் கொரியனும் ஆங்கிலம் கற்கின்றனர். ஆனால் தம் பட்டறையில் தம் மொழியில் நினைக்கின்றனர். தம் மொழியில் பாடநூல் எழுதுகின்றனர். அவ்வெந்திரங்களையே தமிழன் கடன்பட்டு வாங்குகின்றான். ஆங்கிலத்தில் மட்டும் நினைப்பதே நுட்பத்திற்கு வழியென்றால், அந்நாடுகள் இரப்பனவாயும் தமிழ்நாடு கொடுப்பதாயும் இருத்தல் வேண்டுமே!

‘ஆங்கிலமே கடன்வாங்கி வளர்ந்த மொழியன்றோ?’ என்பர் மற்றொரு சாரார். உண்மை. ஆனால் செல்வன் கடன் வாங்குவதும் ஏழை தன் நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்குவதும் ஒன்றாகா. ஆங்கிலன் வாங்கிய சொல்லைத் தன்னதாக்கி, அதிலிருந்து பத்துச் சொற்களைப் பிறப்பித்தான். தமிழன் ‘லேத்’தை வாங்கினான், அதிலிருந்து எதனைப் பிறப்பித்தான்? கடைதல் என்ற வேரிலிருந்தோ கடைசல், கடைநன், கடைப்பொறி, கடைசற்பட்டறை என்று எத்துணைச் சொல்லும் தழைக்கும். வேருள்ள மரம் கிளைக்கும். நட்டு வைத்த கழி கிளைக்குமா?

‘தமிழில் பொறியியல் இயலாது’ என்பார்க்கு விடை தாம்பரத்தின் அண்டையிலேயே உண்டு. 1950களில் குரோம்பேட்டையின் சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற மாணவர் ஒருவர், அங்குள்ள தமிழ்ச்சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டிக்கு, நம் வானூர்தியை நாமே செய்வோம் என்னும் பொருளில் தமிழில் எழுதி முதற் பரிசு பெற்றார். பரிசளித்தவர் ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் தேவன். அம்மாணவரே பின்னாளில் ஏவுகணை செய்து குடியரசுத் தலைவருமான அப்துல் கலாம். வானூர்தியைத் தமிழில் எண்ண முடிந்தபோது, கடைசல் எந்திரத்தைத் தமிழில் எண்ண முடியாதா? அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்பு, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்கரான சாமுவேல் கிரீன் மேலைமருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அயலான் தமிழை நம்பினான். தமிழன் நம்ப மறுக்கின்றான்.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார் பொறியியலையும் எந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. நல்ல தொடக்கமே. ஆயின் அலுவல் தருபவன் ஆங்கிலத்தில் வினவ, பாடநூல் பாதி ஆங்கிலமாய் நிற்க, மாணவனை மட்டும் தமிழ்வழிக்கு அனுப்புவது, கரையில் துடுப்பை வைத்துக்கொண்டு ஓடத்தைத் தள்ளிவிடுவதற்கு ஒப்பாகும். ஓடம் சேரவில்லையென்றால் ஆற்றின்மேல் பழி போடுவதா?

பல்லாவரம் காட்டிய வழி

தூய தமிழியக்கத்தின் தொட்டில் வேறெங்குமில்லை. அதே தொடர்வண்டிப் பாதையில், அதே பல்லாவரத்திலேயே இருந்தது. 1911இல் அங்குக் குடிபுகுந்த மறைமலையடிகள், 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்தார். அவர் மகளார் நீலாம்பிகையார் ‘தமிழில் வடசொற்களுக்கு மாற்றில்லை’ என்றாரோடு சொற்போர் மட்டும் புரிந்தமையவில்லை. அமர்ந்து அகரவரிசையாகத் தொகுத்துக் கொடுத்தார். ‘வடசொற்றமிழ் அகரவரிசை’ அவ்வாறு பிறந்தது. கூச்சல் ஓய்ந்துவிடும், தொகுத்த பட்டியல் நிற்கும். இதுவே பல்லாவரம் கற்பித்த பாடம்.

அப்பாடத்தைப் பட்டறைக்குக் கொண்டு செல்வதே இன்றைய கடமை. 1974இல் பாவாணரை முதல் இயக்குநராகக் கொண்டு அரசு நிறுவிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் இன்றும் இயங்குகின்றது. அதன் அறிஞர்கள் ஏட்டிலும் கல்வெட்டிலும் தேடுவதோடு நின்றுவிடாது, கிண்டித் தொழிற்பேட்டைக்கும் பம்மலுக்கும் தாம்பரத்திற்கும் வந்து, எண்ணெய் படிந்த கையுடையவனிடம் கேட்டுத் தொகுக்க வேண்டும். இருக்கும் சொல்லை முதலில் எடுக்க வேண்டும். இல்லாத இடத்திற்கே புதிதாய் ஆக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்துப் பாடநூல்கள் மரையை மரையென்றும் தோய்ச்சலைத் தோய்ச்சலென்றும் எழுத வேண்டும். தமிழ்நாட்டில் விற்கப்படும் எந்திரத்தின் எச்சரிக்கை தமிழில் இருத்தல் வேண்டும் என்று சட்டமியற்ற வேண்டும். சிறு பட்டறைக்கு வரும் அரசு வேலையின் ஒப்பந்தமும் குறிப்பும் தமிழிலும் தரப்பட வேண்டும்.

அரசு செய்யுமளவும் காத்திருக்கவும் வேண்டா. ஒவ்வொரு பட்டறையின் சுவரிலும் ஒரு பலகை. அதில் நாளுக்கொரு கருவியின் தமிழ்ப்பெயர். இதற்குச் செலவு ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி. பயிலவரும் சிறுவன் முதல் நாளே ‘சக்’ என்று கேட்டால் ‘சக்’ என்றுதான் சொல்வான். கவ்வி என்று கேட்டால் கவ்வி என்று சொல்வான். பத்தாண்டில் ஒரு தலைமுறையின் நாக்கு மாறிவிடும்.

எஃகுத் தண்டு நூற்றில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அதனைக் கழித்துப் போடுகின்றான் தமிழ்த் தொழிலாளி. அவ்வளவு கண்டிப்பைத் தன் இரும்பின்மேல் காட்டுபவன் தன் மொழியின்மேல் ஒருநாள் காட்டட்டும். இரும்பைக் கடைந்த கை சொல்லையும் கடையட்டும். பிசிறு தானே உதிரும்.